ஹெல்த்கேர் ரெக்ரூட்டர் நேர்முகத் தேர்வு: ஒரு தாயாருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

நுண்ணுயிரியலில் பட்டம் பெற்ற தங்கள் மகளை, அமெரிக்க மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களைத் தேடித் தரும் சென்னை நிறுவனம் ஒன்று நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருப்பதாகவும், அது கால் சென்டர் வேலையா, மருத்துவத் துறை வேலையா என்றே தங்களுக்கு விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரவு முழுவதும் தொலைபேசியில் பேச வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மருத்துவமனை கேட்கும் தகுதியும் செவிலியரிடம் இருக்கும் தகுதியும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, சான்றுகளைச் சரிபார்த்து, அவர் பணியில் சேரும் நாள்வரை தொடர்ந்து கவனிப்பதுதான் இந்த வேலையின் சாரம். பல நிறுவனங்கள் எந்தப் பட்டம் பெற்றவரையும் எடுத்துக்கொள்வதால், மதிப்பெண்ணைவிட, வேலையைப் பற்றி என்ன தெரிந்துகொண்டு வந்திருக்கிறார் என்பதையே தேர்வாளர் கவனிப்பார்.

ஆகவே முதலில் தங்கள் மகள் அமெரிக்காவில் உள்ள செவிலியர் வகைகளைத் தெரிந்துகொள்ளட்டும். ஆர்.என். என்பவர் என்கிளெக்ஸ்-ஆர்.என். என்ற உரிமத் தேர்வில் தேறிப் பதிவு பெற்றவர், எல்.பி.என். அதற்கடுத்த நிலை, டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் அவரையே எல்.வி.என். என்பார்கள், சி.என்.ஏ. உதவியாளர். உரிமத்தை வழங்குவது மாநிலம். பல மாநிலங்கள் 'காம்பாக்ட்' என்ற ஓர் உடன்படிக்கையில் சேர்ந்திருப்பதால், டெக்சாஸில் நிரந்தரமாக வசித்து அங்கே பன்மாநில உரிமம் பெற்ற செவிலியர் புளோரிடாவிலும் பணிபுரியலாம். கலிபோர்னியா அதில் சேராததால் அங்கே தனி உரிமம் வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பெரும்பாலும் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி), ஏ.சி.எல்.எஸ். (இதய நோய்க்கான மேல்நிலை உயிர்காப்புப் பயிற்சி) ஆகிய இரு சான்றிதழ்களையும் கேட்பார்கள். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் தரும் அந்தச் சான்றிதழ்கள் 2 ஆண்டுகளே செல்லும். 'காம்பாக்ட் லைசென்ஸ் என்றால் என்ன?' என்று கேட்டால் புதியவர்களில் பலர் விழிப்பார்கள். தங்கள் மகள் இந்த டெக்சாஸ் உதாரணத்தைச் சொன்னாலே போதும்.

பலர் தடுமாறும் இடம் 'மாக் கால்' என்ற ஒத்திகை அழைப்பு. தேர்வாளரே செவிலியராக நடித்து, 'நான் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு இப்போதுதான் படுத்தேன், என்ன வேண்டும்?' என்று எரிச்சலோடு தொடங்குவார். கோடைக்காலத்தில் நமக்கு இரவு 7.30 என்றால் நியூயார்க்கில் காலை 10 மணி, கலிபோர்னியாவில் காலை 7 மணி; ஆகவே அந்த எரிச்சல் நடிப்பு மட்டுமன்று. மன்னிப்புக் கேட்டு, எப்போது அழைக்கலாம் என்று வினவி, குறித்துக்கொள்வதே சரியான விடை. மனப்பாடம் செய்த வசனத்தை விடாமல் ஒப்பிப்பவர்களை அங்கேயே கழித்துவிடுவார்கள்.

அடுத்து, செவிலியராக நடிப்பவரிடமிருந்து 'எனக்குச் சம்பளம் எவ்வளவு?' என்ற கேள்வி வரும். டிராவல் நர்ஸ், அதாவது வெளியூர் மருத்துவமனையில் குறுகிய காலம் பணிபுரியும் செவிலியரின் ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம். வாரத்துக்கு 12 மணி நேர ஷிஃப்ட் மூன்று, அதாவது 36 மணி நேரம். ஓர் எடுத்துக்காட்டுக்கு, வரிக்கு உட்பட்ட ஊதியம் மணிக்கு 25 டாலர் என்றால் வாரத்துக்கு 900 டாலர். தங்குமிடம், உணவுக்கான படி 1,100 டாலர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,000 டாலர். இதை 36ஆல் வகுத்து 'மணிக்கு 55 டாலர்' என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் படிக்கு வரிவிலக்கு, சொந்த ஊரில் வீட்டுச் செலவைச் சுமந்துகொண்டே வெளியூரில் வேலை பார்ப்பவருக்குத்தான் பொருந்தும். இரண்டையும் பிரித்துச் சொல்லும் ரெக்ரூட்டரையே செவிலியர் நம்புவார். ஒருநாள் மாலை தாங்களே செவிலியராக நடித்து மகளை இந்தக் கணக்கைச் சொல்ல வைத்துப் பாருங்கள்; தாளைப் பார்க்காமல் சொல்ல வரும்வரை விடாதீர்கள்.

ஆங்கில உச்சரிப்பைப் பற்றிய கவலையைப் பெரிதாக்க வேண்டாம். அமெரிக்கர்போல் பேச முயல்வதைவிட, நிதானமாக, தெளிவாகப் பேசினால் போதும். 'ஏன் இந்த வேலை?' என்ற கேள்விக்கு மட்டும் 'வேறு வேலை கிடைக்கவில்லை' என்ற தொனி வரக் கூடாது. ஆய்வகத்தில் மாதிரிகளைப் பதிவு செய்து சரிபார்த்த பழக்கத்தைச் சான்றுகள் சரிபார்க்கும் வேலையோடு இணைத்துச் சொல்வது அவருக்கு இயல்பாகவே பொருந்தும்.

தங்கள் உண்மையான கவலை இரவுப் பணியைப் பற்றியது என்பது கடிதத்தில் தெரிகிறது. பெண்களை இரவில் பணியமர்த்தும் நிறுவனம் அவர்களுடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற்று, பாதுகாப்பும் போக்குவரத்தும் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆகவே கேப் வீட்டு வாசல்வரை வருமா, பிரதான சாலையோடு நின்றுவிடுமா என்று மகளே தயங்காமல் கேட்கலாம். மாதத்துக்கு எத்தனை சப்மிஷன் (செவிலியரின் விவரங்களை மருத்துவமனைக்கு அனுப்புவது) டார்கெட், இன்சென்டிவ் செவிலியர் சேர்ந்த அன்றே கணக்காகுமா அல்லது அவர் சில வாரம் வேலை பார்த்த பிறகா, அந்தச் செவிலியர் நடுவில் விலகினால் கொடுத்த இன்சென்டிவைப் பிடித்துக்கொள்வார்களா என்பவற்றையும் கேட்க வேண்டும். சம்பளத்தைவிட இங்கேதான் பிற்பாடு மனக்கசப்பு வருகிறது. பயிற்சிக் கட்டணம், முன்பணம் என்று ஒரு ரூபாய் கேட்டாலும், அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னாலும் எழுந்து வந்துவிடலாம். குறிப்பிட்ட காலம் வேலையை விட மாட்டேன் என்ற பாண்டில் கையெழுத்துக் கேட்டால், அங்கேயே போடாமல், ஒரு நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துப் பார்த்த பிறகு முடிவு சொல்வதாகக் கூறச் சொல்லுங்கள்.