துன்பம் அடுத்தடுத்து வரும்போது கிறிஸ்தவ நம்பிக்கையை விடாமல் இருப்பது எப்படி? ஜெபிக்கக்கூட முடியவில்லையே, என்ன செய்வது?

ஜெபிக்க முடியவில்லை என்பதற்காக விசுவாசம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், "இன்னும் உறுதியாக ஜெபியுங்கள், எல்லாம் மாறும்" என்று யாரோ உங்களிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று படுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம். கடலூர் மாவட்டத்தில் யாரிடமும் 'தானே' என்று பேர் வைத்த புயலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போனதாகச் சொன்னார்கள். கடலோரத்தோடு நிற்காமல் உள்ளே புகுந்து, முந்திரியையும் பலாவையும் நம்பிப் பிழைக்கிற ஊர்களை ஒரே காலையில் துடைத்துப் போட்டுவிட்டது.

முந்திரி மார்கழி, தையில் பூவெடுக்கும். பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்குவோம். அந்தக் கொட்டையை நம்பித்தான் அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம் பேசி முடித்திருந்தார் அப்பா. கிளை முறிந்திருந்தால் மறுபடி தளிர்க்கும் என்று காத்திருக்கலாம். எங்கள் தோப்பில் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. வேர்களில் செம்மண் கட்டி கட்டியாகத் தொங்கியது. அப்பா ஒரு மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வேரில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் உதிர்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்குத் தலையைக்கூடத் தூக்கவில்லை.

மறுநாள் இரவு வருஷப்பிறப்பு ஆராதனை. எங்களுடையது ஆற்காடு லுத்தரன் சபை. கோயில் கூரையில் ஒரு பக்கம் ஓடு பறந்துவிட்டது, கரண்ட் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு வாங்கி மீந்திருந்த மெழுகுவர்த்திகளைக் கொளுத்தினார்கள். வழக்கமாக அன்றைக்கு ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை, அதாவது வரும் வருஷத்துக்கான வேத வசனம் எழுதிய அட்டை, எடுப்போம். "உன் களஞ்சியம் நிரம்பும்" என்கிற மாதிரி ஏதாவது வரும். அன்று போதகர் அந்தப் பெட்டியை வெளியே எடுக்கவே இல்லை. அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

அவர் வேதத்தில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம் 3ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசித்தார். "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும்" என்று வருமே, அது. பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி, "முந்திரியும் போச்சு பலாவும் போச்சுன்னு படிங்க ஐயா" என்றார் சத்தமாக. போதகர் அதட்டவில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, முந்திரி விழுந்துபோனாலும், பலா விழுந்துபோனாலும் என்று சேர்த்து மறுபடி முதலிலிருந்து வாசித்தார். கோயிலே அழுதது. பிரசங்கம் என்று தனியாக எதுவும் அவர் செய்யவில்லை.

அந்தப் பகுதி "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று முடியும். எல்லோரும் சேர்ந்து சொன்னோம், அப்பா சொல்லவில்லை. வெளியே வந்ததும் போதகரிடம், "கடைசி வரி எனக்கு வாயில வரல ஐயா" என்றார். "வர்றவங்க சொல்லட்டும். நீங்க கேட்டுக்கிட்டு நில்லுங்க, போதும்" என்றார் அவர்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். துன்பக் காலத்தில் விசுவாசத்தை ஒற்றை ஆளாகத் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று யாரும் நமக்குக் கட்டளையிடவில்லை. நமக்கு வார்த்தை வராத நாளில் பக்கத்தில் நிற்பவர் சொல்லட்டும். அதுகூட இல்லாதபோது என்ன என்று கேட்டால், ரோமர் 8:26ஐப் படியுங்கள். நமக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாதபோது, வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுகிறார் என்று பவுல் எழுதுகிறார். வேரடியில் உட்கார்ந்து அப்பா விட்ட மூச்சும் அதில் சேரும் என்றுதான் நான் நம்புகிறேன்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. வசனத்தை இஷ்டத்துக்கு வளைக்கிறேன் என்று யாராவது எழுதினால் எழுதட்டும். "மரம் போனதற்கே இவ்வளவா, சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இல்லையா" என்றும் கேட்பார்கள். இருக்கிறார்கள். 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இதே மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். எங்கள் இழப்பை அதோடு வைத்துப் பார்க்கவே நான் துணியமாட்டேன். ஆனால் பிழைப்பு மொத்தமாகப் போன மனிதனிடம் போய் உன் துக்கம் சின்னது என்று சொல்வதும் நியாயம் இல்லை.

பொங்கல் சமயத்தில் உறவுக்காரர் ஒருவர் வந்தார். காப்பி குடித்துவிட்டு, "தசமபாகம் ஒழுங்காக் குடுத்தீங்களா மச்சான்? எதுக்கும் வீட்டுல என்ன குறைன்னு ஆராய்ஞ்சு பாருங்க" என்றார். தசமபாகம் என்பது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுப்பது. என் கோபம் இன்னும் ஆறவில்லை. வேதத்தில் துன்பத்துக்கு மேல் துன்பம் பட்ட யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்லவர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது, தன்னோடு வழக்காடிய யோபுவிடம் இல்லை, தனக்காக வக்காலத்து வாங்கிய அந்தச் சிநேகிதர்களிடம். ஆறுதல் சொல்லக் கிளம்புகிறவர்கள் யோபு 42:7ஐ ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்பினால் நல்லது.

அப்புறம் நிவாரணம். சொந்தத் தோப்பு கொஞ்சம்தான், மீதி குத்தகை. கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றி மருந்தடித்தது அப்பா, பட்டா வேறொருவர் பேரில். பட்டாவில் பேர் இருப்பவருக்குத்தான் பணம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பைசா அவர் எங்களுக்குத் தரவில்லை. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் குத்தகைக்காரரான அப்பாவின் உழைப்புக்கு அந்தக் காகிதத்தில் இடம் இல்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, தெரியும். இதையும் கடவுளிடம் முறையிட்டிருக்கிறோம் என்பதால் எழுதினேன்.

அற்புதம் நடந்தது என்று சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சாய்ந்த மரங்கள் விறகு விலைக்குப் போயின. அக்கா கல்யாணம் தள்ளிப்போய், கடன் வாங்கித்தான் நடந்தது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ரகம், வி.ஆர்.ஐ. 3 முந்திரி ஒட்டுக்கன்று நட்டோம். அது காய்ப்புக்கு வரவே மூன்று வருஷம் ஆகும். அந்தக் காலமெல்லாம் அப்பா ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போனார், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாடாமல் நிற்பார். எப்போது திரும்பப் பாட ஆரம்பித்தார் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. இப்போது பாடுகிறார்.

லுத்தரன் சபைக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை இது. 2024இல் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது, என் கத்தோலிக்க நண்பரின் கடை முழுக்கத் தண்ணீர். செபமாலையைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை என்றார். அவருடைய அன்பியத்துக்காரர்கள், அதாவது சேர்ந்து செபிக்கிற அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள், வந்து சேற்றை வாரிப்போட்டுவிட்டு, ஈரத்தரையில் சாக்கு விரித்து அவர்களே செபமாலை சொல்லிவிட்டுப் போனார்களாம். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

நீங்கள் எந்தச் சபை என்று எனக்குத் தெரியாது. வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில் 13ஐயும் 88ஐயும் வாசித்துப் பாருங்கள். 88இல் கடைசி வரைக்கும் வெளிச்சமே வராது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. பிறகு உங்கள் சபையில் நம்பக்கூடிய ஒருவரிடம், "எனக்கு இப்போது ஜெபம் வரவில்லை, எனக்குப் பதிலாக நீங்கள் செய்யுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். அவர் சரி என்று சொல்லாமல் ஏன், என்ன குறை என்று ஆராய ஆரம்பித்தால், அங்கேயே நிறுத்திவிட்டு வேறொருவரிடம் போங்கள்.