வடதுருவக் கடலில் கப்பல் மருத்துவர்: கேள்வி பதில்

கேள்வி: திமிங்கில வேட்டைக் கப்பலில் சேரப் பட்டம் பெற்ற மருத்துவராக இருக்க வேண்டுமா?

பதில்: எல்லாக் கப்பல்களிலும் அந்தக் கண்டிப்பு இருக்கவில்லை. 1880இல் ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட்டிலிருந்து ‘ஹோப்’ கப்பலில் சென்ற, பின்னாளில் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில், எடின்பரோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இருபது வயது மாணவர். மாலுமிகளோடு அளவளாவக் கூடாது என்ற மரபுக்குக் கட்டுப்பட்ட கேப்டன் ஜான் கிரேக்குப் பேச்சுத்துணையாக இருந்ததே அவருடைய முதன்மையான பணி என்று சொன்னால் மிகையாகாது.

கேள்வி: எலுமிச்சைச் சாறு கையிருப்பில் இருந்தும் ஸ்கர்வி (உயிர்ச்சத்து சி குறைவால் வரும் நோய்) ஏன் வந்தது?

பதில்: சாற்றின் தரமே முதற்காரணம். பிரிட்டிஷ் கடற்படை மத்தியதரைக்கடல் பகுதியின் எலுமிச்சையைக் கைவிட்டு, மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த, உயிர்ச்சத்து சி குறைந்த வகைக்கு மாறியிருந்தது. புளிப்புதான் நோயைத் தடுக்கிறது என்று அக்காலத்தில் பலர் நம்பியதால் இந்த வேறுபாடு எவர் கண்ணிலும் படவில்லை. ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் 1875இல் புறப்பட்ட பிரிட்டிஷ் வடதுருவப் பயணத்தில், அந்தச் சாறு உறைந்துவிடும் என்பதால் சறுக்குவண்டிக் குழுக்கள் அதைக்கூட எடுத்துச் செல்லாமல் கிளம்பின. ஸ்கர்வி பலரைச் சாய்த்ததால் பயணமே மறு ஆண்டில் முடித்துக்கொள்ளப்பட்டது. இதற்கு மாறாக, தாமே மருத்துவராகவும் தலைவராகவும் இருந்த அமெரிக்கர் எலிஷா கென்ட் கேன், 1853–55 பயணத்தின்போது பனியில் சிக்கிய கப்பலில் எலிகளைச் சூப் வைத்துக் குடித்தார். அருவருத்து ஒதுங்கிய தோழர்களைவிட அவரை நோய் குறைவாகவே தாக்கியது. புதிய இறைச்சியிலும் அந்த உயிர்ச்சத்து சிறிதளவு உண்டு. ஆகவே மருத்துவரின் அதிகாரம் கத்தியைவிடச் சமையலறையில்தான் அதிகம் தேவைப்பட்டது என்பது என் கருத்து.

கேள்வி: உறைந்த விரல்களைப் பனியால் தேய்த்தது சரியா?

பதில்: தவறு. தேய்ப்பது திசுக்களை மேலும் சிதைக்கும். மீண்டும் உறையும் அபாயம் இல்லாத இடத்தில், 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீரில் விரைவாகச் சூடேற்றுவதே இன்றைய முறை.

கேள்வி: துருவக்கரடியின் ஈரலைத் தவிர்த்தது மூடநம்பிக்கையா?

பதில்: இல்லை. அதில் உயிர்ச்சத்து ஏ அளவுக்கு மீறி இருப்பதால் தலைவலியும் வாந்தியும் வந்து, தோலும் உரியும்.

கேள்வி: அங்கே பிரேதப் பரிசோதனை நடந்ததுண்டா?

பதில்: நடந்தது. ஜான் பிராங்க்ளின் தலைமையில் இரு பிரிட்டிஷ் கப்பல்கள் வடதுருவக் கடலுக்குச் சென்ற பயணத்தில் 1846 ஜனவரியில் இறந்த ஜான் ஹார்ட்னெலின் உடலை ஆய்வாளர்கள் கனடாவின் வடகோடியிலுள்ள பீச்சி தீவில் தோண்டி எடுத்தபோது, மார்பிலும் வயிற்றிலும் தலைகீழான ‘ஒய்’ வடிவில் ஒரு வெட்டு இருந்தது. இறப்பின் காரணத்தைத் தேடிக் கப்பல் மருத்துவர் போட்ட வெட்டு அது. அந்த இரு கப்பல்களிலும் மருத்துவர்களும் உதவி மருத்துவர்களுமாக நால்வர் இருந்தனர். அவர்களுள் எவரும் உயிரோடு திரும்பவில்லை.