வாசகர் கேள்வி–பதில்: ஃபைபர் நெட்டில் சொந்த ரவுட்டர்

கேள்வி: வைசியாள் வீதிப் பக்கம் பழைய காலத்து நீள வீடு எங்களுடையது. ஃபைபர் கம்பெனிக்காரர் மோடத்தைத் தெருப் பக்கத்து அறையில் மாட்டிவிட்டுப் போனார். முற்றம் தாண்டினால் வைஃபை எடுப்பதில்லை. நல்ல ரவுட்டர் ஒன்று வாங்கிவிட்டேன். மோடத்தைக் கழற்றிவிட்டு ஃபைபர் ஒயரை நேராக ரவுட்டரில் செருகலாமா? லேண்ட்லைன் போனும் அந்த மோடத்தில்தான் ஓடுகிறது.
– வாசகி, புதுச்சேரி

பதில்: கழற்றாதீர்கள். ரவுட்டரின் இன்டர்நெட் போர்ட் செம்புக் கம்பிக்கானது. ஃபைபரில் வருவதோ ஒளி. அதை மின் சமிக்ஞையாக மாற்றுவதுதான் நாம் மோடம் என்று அழைக்கும் அந்த ஓஎன்டி பெட்டியின் முதல் வேலை. ஃபைபர் செருகும் வசதியுள்ள ரவுட்டர் கிடைத்தாலும் சும்மா மாட்டிவிட முடியாது. தெருவில் வரும் ஒரே இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிந்து போகிறது. எந்த வீட்டுப் பெட்டி எந்த நொடித்துளியில் ஒளி அனுப்பலாம் என்பதைக் கம்பெனியின் கருவி முறை வைத்துக் கொடுக்கிறது. பெட்டியின் சீரியல் எண் அங்கே பதிவாகியிருந்தால்தான் உங்களுக்கு முறை கிடைக்கும். முறை தெரியாத பெட்டி ஒளியை அனுப்பினால் அக்கம்பக்கத்து வீடுகளின் நெட்டும் கெடும். கம்பெனிகள் இதில் பிடிவாதமாக இருப்பதற்கு இது நியாயமான காரணம்.

ஆகவே மோடம் இருக்கட்டும். வைஃபை வேலையை மட்டும் அதனிடமிருந்து வாங்கி ரவுட்டரிடம் கொடுங்கள். உங்கள் வீட்டுக்கு அக்சஸ் பாயின்ட் முறையே (ரவுட்டர் வைஃபை மட்டும் தரும், மற்ற வேலையை மோடமே பார்க்கும்) போதும் என்பது எங்கள் கருத்து. தடித்த செங்கல் சுவர்தான் உங்கள் பிரச்னை. மோடத்தின் பக்கத்திலேயே எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டரை வைத்தாலும் சுவர் சுவர்தான். ரவுட்டர் முற்றத்துப் பக்கம் கூடத்துக்குப் போக வேண்டும். அதற்காக ஃபைபரை நீட்ட வேண்டாம், லேன் கேபிளை நீட்டுங்கள்; 100 மீட்டர் வரை தாங்கும். முழுச் செம்பில் செய்த கேட்-6 என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்த கேபிள் மலிவு, ஆனால் வளைக்கும்போது முறியும். முனையில் எட்டுக் கம்பியும் கிரிம்ப் ஆகியிருக்க (பிளக்கில் அழுத்திப் பொருத்தியிருக்க) வேண்டும். நான்கோடு விட்டால் 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருந்தாலும் 100-ஐத் தாண்டாது. சில மோடங்களில் முதல் போர்ட் மட்டுமே கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), அதையும் பார்த்துச் செருகுங்கள்.

கேபிள் போடும் முன்பே ரவுட்டரை லேப்டாப்பில் இணைத்து அக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த மோட் இல்லாத மாடல் என்றால் ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என மாற்றி (மோடம் 192.168.1.1 ஆக இருக்கும்பட்சத்தில்), வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி-யை அணைத்து, கேபிளை இன்டர்நெட் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருக வேண்டும். டிஹெச்சிபி-யை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். ஒரு போனில் நெட் வரும், இன்னொன்றில் வராது. கடைசியாக மோடத்தின் வைஃபையை நிறுத்துங்கள். லேண்ட்லைன் எப்போதும் போல அதே மோடத்தில் ஓடும்.

ரவுட்டரே எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்க வேண்டும், கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்றால்தான் பிரிட்ஜ் மோட் (மோடம் இன்டர்நெட்டை அப்படியே ரவுட்டருக்குக் கடத்திவிடும் முறை) தேவை. இதைக் கம்பெனிக்குப் போன் செய்து அவர்களையே மாற்றித்தரச் சொல்வது நல்லது. பிபிபிஓஇ (கம்பெனியின் நெட்டில் லாகின் செய்யும் முறை) யூசர்நேம், பாஸ்வேர்ட், விலேன் எண் (ஒரே ஒயரில் ஓடும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண்) மூன்றையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மோடத்தில் இன்டர்நெட்டுக்கான இணைப்பு மட்டுமே பிரிட்ஜ் ஆக வேண்டும். குரல் சேவைக்கான இணைப்பு தனியாக இருக்கும். அதில் கை வைத்தால் லேண்ட்லைன் செத்துவிடும். ரவுட்டரில் பிபிபிஓஇ தேர்ந்தெடுத்து, எம்டியூ (ஒரு தகவல் பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 என்று வையுங்கள். வழக்கமான 1500 பைட்டில் பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்கிறது. விலேன் எண்ணை மோடமே கழற்றிக் கொடுத்தால் ரவுட்டரில் போடக் கூடாது. இரண்டு பக்கமும் போட்டால் இணைப்பே வராது. எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால், கம்பெனி பழைய மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) பூட்டி வைத்திருக்கலாம். ரவுட்டரில் மேக் குளோன் செய்து (அந்தப் பழைய எண்ணையே ரவுட்டருக்கும் கொடுத்து) பாருங்கள், அல்லது பூட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

இணைந்தபின் ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால், பல வீடுகளுக்குப் பொதுவான முகவரியின் பின்னால் இருக்கிறீர்கள். கேமராவை வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை; தனி ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கு மட்டுமான மாறாத முகவரி) கேட்டு வாங்க வேண்டும்.

மோடத்தின் பின்னால் ஊசியால் அழுத்தும் ரீசெட் துளையைத் தொடவே வேண்டாம். கம்பெனி செய்த அமைப்பெல்லாம் அழிந்துவிடும்.

கேள்வி: எங்கள் வீடு தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்கு அருகே. சொந்த ரவுட்டர் போட்டதிலிருந்து நெட் போனால் “உங்க ரவுட்டர்தான் கோளாறு” என்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?
– வாசகர், கடலூர்

பதில்: முதலில் மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருந்தால் ஒளியே வந்து சேரவில்லை; ரவுட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பான் விளக்கு விடாமல் மின்னினால் மோடம் பதிவாகவில்லை, அதுவும் கம்பெனியின் வேலை. பிரவுசரில் திறக்கும் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒளியளவு தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள்: மைனஸ் 27 டிபிஎம்-ஐவிடக் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு) கீழே போயிருந்தால் ஒளி பலவீனம். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. பெரும்பாலும் சுவர் மூலையில் ஒயர் மடங்கியிருக்கும், 3 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைக்காதீர்கள். ஃபைபர் ஒயரின் பச்சை முனையைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், அந்த லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

விளக்குகள் சரியாக இருந்தால் ரவுட்டரை விலக்கி, லேப்டாப்பை நேராக மோடத்தில் செருகுங்கள். பிரிட்ஜ் மோட் என்றால் லேப்டாப்பிலேயே பிபிபிஓஇ யூசர்நேம் கொடுத்து இணைய வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால் அதைச் சொல்லியே புகார் கொடுங்கள். வந்துவிட்டால் லேன் கேபிளின் முனையைக் கவனியுங்கள்: உப்புக் காற்றில் பொன்னிறத் தகடுகள் பச்சை பூத்திருக்கும். முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தால் தீரும்.

புயல் காலத்துக்கு மினி யுபிஎஸ் வாங்கும்போது மோடம், ரவுட்டர் இரண்டின் அடாப்டரையும் படியுங்கள். ஒன்று 12 வோல்ட் 1 ஆம்பியர், மற்றது 12 வோல்ட் 1.5 ஆம்பியர் என்றால் யுபிஎஸ் குறைந்தது 2.5 ஆம்பியர் தர வேண்டும். 9 வோல்ட் ரவுட்டரை 12 வோல்ட் முனையில் செருகினால் கருகிவிடலாம்.