செனான் ஹெட்லைட்டுக்கு அபராதம், கோர்ட்டுக்குப் போகலாமா?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய கார், ஹாலஜன் விளக்கு. ராத்திரி ராமநாதபுரம் ரோட்டில் கருவேலங்காட்டிலிருந்து ஆடு குறுக்கே வந்தால் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது என்று, ஹாலஜனைவிடப் பளிச்சென்று எரியும் செனான் பல்பு கிட்டைக் கடையில் மாட்டியிருக்கிறார். பாம்பன் பாலத்துக்கு முன்னால் நிறுத்தி அபராதச் சீட்டு கொடுத்துவிட்டார்கள். "எங்க அண்ணன் காரில் கம்பெனியே செனான் போட்டுத் தந்திருக்கு, அதை யாரும் பிடிக்கிறதில்லை. கேஸ் போடலாமா சார்?"

வேண்டாம் தம்பி, தோற்றுப்போவீர்கள். அண்ணன் காரில் செனானுக்கென்றே செய்த விளக்குக் கூடு இருக்கிறது, லோ பீமில் வெளிச்சம் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. உங்களுடையது ஹாலஜன் இழை எந்த இடத்தில் எரியும் என்று கணக்குப் பார்த்துச் செய்த ரிஃப்ளெக்டர், அதில் செனானைச் செருகினால் இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் கண்டபடி சிதறும். உங்களுக்குப் பளிச்சென்று தெரியும், ஆனால் விடியுமுன் மீன் பெட்டியோடு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் எதிரே வருகிறவருக்கு ரோடே மறைந்துவிடும்.

சட்டமும் அவர் கண்ணைத்தான் பார்க்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 106: விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக்கூடாது. ஆர்சி புத்தகத்தில் பல்பு வகையே இல்லையே என்று சிலர் வாதாடுவார்கள். ஆனால் கம்பெனி வரையறுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52ஐ வைத்து உச்ச நீதிமன்றம் 2019லேயே சொல்லிவிட்டது. அப்புறம், ஆர்சியில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், எதிரே வருகிறவர் கண் கூசினாலே விதி 106 பாயும்.

சீட்டில் அதே சட்டத்தின் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 177 என்றால் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை, கட்டிவிட்டு மறந்துவிடலாம். 182ஏ(4) என்றால் விஷயம் பெரிது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதை நீங்களே பேசித் தீர்க்கப் பார்க்காமல் உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். இன்சூரன்ஸ் சிக்கலும் இருக்கிறது. தெரிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காட்டி, உங்கள் வண்டிக்கான இழப்பீட்டில் இன்சூரன்ஸ்காரர்கள் கை வைக்கலாம்.

சரி, இருட்டுக்கு என்ன செய்வது? உங்கள் பயம் நியாயமானதுதான், அந்த ரோட்டில் நானும் ராத்திரி ஓட்டியிருக்கிறேன். கிட்டைக் கழற்றிவிட்டு 60/55 வாட் ஹாலஜனையே போடுங்கள், 100/90 வாட் பக்கம் போகாதீர்கள். விளக்கின் மேல்மூடி மஞ்சளித்திருந்தால் பாலிஷ் போடச் சொல்லுங்கள், உப்புக்காற்றில் ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் கூட்டையே மாற்றிவிடுங்கள். பழைய வயரிங்கில் வோல்டேஜ் குறையும், ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ரிலே வைத்துத் தனி வயர் இழுக்கச் சொன்னால் அதே பல்பு நன்றாக எரிவதை நீங்களே பார்ப்பீர்கள். பின்சீட்டில் ஆள் ஏறினால் முன்பக்கம் தூக்கும், டேஷ்போர்டில் விளக்கு மட்டம் திருகும் குமிழ் இருந்தால் அப்போது இறக்கிவிடுங்கள்.

செனான்தான் வேண்டும் என்றால், உங்கள் மாடலிலேயே கம்பெனி அதைப் போட்டு விற்றிருக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள். விற்றிருந்தால் மட்டத்தைத் தானே சரிசெய்யும் அமைப்போடு முழுக் கூட்டுக்கும் விலை விசாரித்து, காசு கொடுப்பதற்கு முன்னால் ராமநாதபுரம் ஆர்டிஓ ஆபீஸில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள், வாய்வார்த்தை போதாது.