வீட்டில் ஓடும் வயர்கார்டு விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி நம் சர்வர் வழியாக அனுப்பும் மென்பொருள்) விடுதி வைஃபையில் இணைய மறுக்கிறது. சாதாரண வெப் இணைப்புக்குள் வைத்து அனுப்ப முடியுமா?

முடியும். வேலை விஷயமாக ஓசூரில் மூன்று வாரம் தங்கியபோது விடுதியில் எனக்கும் இதே கதைதான். பிரவுசரில் எல்லாம் திறக்கும். வயர்கார்டில் மட்டும் அனுப்பிய பைட் கணக்கு ஏறிக்கொண்டே போகும், வந்தது பூஜ்யம். இப்படி இருந்தால் யுடிபியை (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் பாக்கெட் எனும் தரவுத் துண்டுகளை அனுப்பும் முறை, வயர்கார்டு ஓடுவது இதில்தான்) அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

ஆனால் எடுத்த எடுப்பில் சுரங்கம் தோண்ட வேண்டாம். முதலில் விடுதியின் லாகின் பக்கத்தை முடித்துவிட்டீர்களா என்று பாருங்கள் (சிரிக்காதீர்கள், நான் அரை மணி நேரம் இதில் தொலைத்தேன்). அப்புறம் சர்வரில் வயர்கார்டின் போர்ட்டை (சர்வரின் கதவு எண் மாதிரி) 51820இலிருந்து 443க்கு மாற்றிப் பாருங்கள், யுடிபியாகவே. வெப் பக்கங்களைக் கொண்டுவரும் புதிய முறையான ஹெச்டிடிபி 3 ஓடுவது யுடிபி 443இல்தான் என்பதால் சில இடங்களில் அந்தக் கதவு திறந்திருக்கும். அது வேலை செய்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வேகத்தில் ஒன்றும் இழக்க மாட்டீர்கள். பாக்கெட்டுக்குள் எட்டிப் பார்க்கும் ஃபயர்வால் என்றால் போர்ட் மாற்றியும் பயனில்லை. வயர்கார்டின் முதல் பாக்கெட் எப்போதும் 148 பைட், அதற்கு வரும் பதில் 92 பைட். பார்த்தவுடன் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

எனக்கு அதுவும் போகவில்லை. மிச்சம் இருந்தது டிசிபி 443 (டிசிபி என்பது தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் முறை, வெப்சைட்டுகள் வழக்கமாக வருவது இதில்தான்). அதை மூடினால் பேங்க் சைட்கூடத் திறக்காது, எனவே எந்த விடுதியும் மூடாது. வயர்கார்டுக்கோ டிசிபியில் ஓடத் தெரியாது, வேண்டுமென்றே அந்த வசதியை வைக்கவில்லை. அங்கேதான் டபிள்யூஎஸ்டனல் என்ற இலவசக் கருவி உதவியது. லேப்டாப்பில் அது 127.0.0.1 முகவரியில் (அதே லேப்டாப்பைக் குறிக்கும் முகவரி) யுடிபி பாக்கெட்டுகளை வாங்கி, டிஎல்எஸ் (வெப்சைட்டுகளின் பூட்டு) மேல் ஓடும் வெப்சாக்கெட்டுக்குள் (திறந்தே இருக்கும் வெப் இணைப்பு) போட்டு, சர்வரின் 443க்கு அனுப்பும். சர்வரில் இருக்கும் அதன் ஜோடி பிரித்தெடுத்து வயர்கார்டிடம் கொடுக்கும். வயர்கார்டு அமைப்பில் சர்வர் முகவரி இருந்த இடத்தில் 127.0.0.1 என்று எழுத வேண்டும். ஃபயர்வாலுக்கு நீங்கள் ஏதோ ஒரு வெப்சைட்டை வெகு நேரம் திறந்து வைத்திருப்பது போலத்தான் தெரியும். கல்லூரி ஹாஸ்டல் மாதிரி ப்ராக்ஸி (நடுவில் நிற்கும் இடைத்தரகர் சர்வர்) வழியாகத்தான் போக வேண்டும் என்றால், அதற்கும் இதில் வழி உண்டு.

இதுவரை பத்து நிமிட வேலை. என் ராத்திரித் தூக்கத்தைத் தின்றது ரூட்டிங், அதாவது எந்த பாக்கெட் எந்த வழியே போவது என்ற ஏற்பாடு. லினக்ஸில் எல்லா டிராஃபிக்கும் விபிஎன் வழியாகவே போகட்டும் என்று வைத்திருந்தேன். வழக்கமாக வயர்கார்டு தன் சொந்த பாக்கெட்டுகள் மேல் ஒரு குறி போட்டு, அவற்றை மட்டும் நேரே வெளியே விட்டுவிடும். டபிள்யூஎஸ்டனலின் பாக்கெட்டுகளில் அந்தக் குறி இல்லை. எனவே விபிஎன்னைச் சுமக்க வேண்டிய இணைப்பே விபிஎன்னுக்குள் நுழையப் பார்க்கும். கிணற்றில் இறங்குகிறவன் கயிற்றின் மறுமுனையையும் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்ட மாதிரி. சில வினாடி ஓடும், அப்புறம் செத்துவிடும். சர்வரின் ஐபிக்கு மட்டும் விடுதி கேட்வே (விடுதி நெட்வொர்க்கின் வெளிவாசல்) வழியாகத் தனி ரூட் போட்டதும் சரியாகிவிட்டது. சர்வர் பெயரையும் ஐபியையும் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (பெயருக்கு ஐபி எழுதி வைக்கும் பட்டியல்) எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் இணைப்பு அறுந்து மறுபடி சேரும்போது டிஎன்எஸ் கேள்வி (பெயருக்கு ஐபி என்ன என்று கேட்பது) அந்தச் செத்த சுரங்கத்துக்குள்ளேயே போய் மாட்டிக்கொள்ளும்.

அடுத்த நாள் சில சைட்டுகள் திறந்தன, சில பாதியில் நின்றன. வயர்கார்டின் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) 1420இலிருந்து 1300க்கு இறக்கியதும் தீர்ந்தது. டபிள்யூஎஸ்டனலில் யுடிபி டைம்அவுட் (அவ்வளவு நேரம் சும்மா இருந்தால் இணைப்பை அறுத்துவிடும்) 30 வினாடி என்று இருக்கும், அதைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். சர்வர் பக்கத்தில், வயர்கார்டு போர்ட்டுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று கட்டாயம் கட்டுப்படுத்துங்கள். மறந்தால் வழிப்போக்கர்கள் எல்லாரும் உங்கள் சர்வர் வழியாக எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

வேகம்? எஸ்எஸ்ஹெச் (தொலைவில் இருக்கும் கணினியில் கட்டளை அடிப்பது), மெயில், கோடு எழுதும் வேலைக்குக் குறையில்லை. சாயங்காலம் எல்லா அறைக்காரர்களும் வைஃபையில் ஏறிய பிறகு வீடியோ கால் இழுத்து இழுத்துப் பேசியது. டிசிபிக்குள் டிசிபி ஓட்டுவதன் கோளாறு இது. வெளியே ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மறுபடி வரும்வரை பின்னால் வந்தவை அத்தனையும் வரிசையில் நிற்கும். உள்ளே இருக்கும் டிசிபி, தன் பாக்கெட்தான் தொலைந்தது என்று நினைத்து இன்னொரு நகல் அனுப்பும், நெரிசல் இன்னும் கூடும். குரலுக்கோ, தாமதமாக வந்த பாக்கெட் வந்தும் பிரயோஜனமில்லை. அந்தக் கால்களை மட்டும் மொபைல் டேட்டாவில் பேசினேன்.

ஆபீஸ் நெட்வொர்க்கில் இதைச் செய்யாதீர்கள், அட்மினிடம் கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் இருக்கிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை: குற்றத்தை மறைக்க ஐபியை மாற்றினார் என்று வந்தால் அபராதமே 5 லட்சம் திர்ஹாமில் தொடங்கி 20 லட்சம் வரை போகும்.

இன்று புதிதாகத் தொடங்கினால் நான் இந்த ஒட்டுப்போட்ட வேலைக்கே போக மாட்டேன், ஓப்பன்கனெக்ட் என்ற வேறொரு விபிஎன்னின் சர்வரைப் போட்டுவிடுவேன். அது முதலில் டிஎல்எஸ் வழியாக 443இல் சேரும். யுடிபி கிடைத்தால் டேட்டாவை அதற்கு மாற்றிக்கொள்ளும், கிடைக்காவிட்டால் டிசிபியிலேயே தொடரும். போனுக்கும் ஆப் இருக்கிறது. வயர்கார்டின் போன் ஆப்புக்குள் டபிள்யூஎஸ்டனலைச் செருக இடமில்லை என்பதால் ஓசூரில் அந்த மூன்று வாரமும் என் போன் லேப்டாப்பின் ஹாட்ஸ்பாட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.