கண்ணில் நீர் வழிந்தும் வறட்சியா?

கேள்வி: எனக்கு அடிக்கடி கண்ணில் நீர் வழிகிறது. மருத்துவரோ கண் வறண்டிருப்பதாகக் கூறி, இமைக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார். இரண்டும் எப்படிப் பொருந்தும்?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மருத்துவர் சொல்வது சரியே. இமைக்கு உறுதி தரும் நார்த்திசுத் தகட்டினுள், மேல் இமையில் ஏறத்தாழ 30, கீழ் இமையில் சற்றுக் குறைவாக எண்ணெய்ச் சுரப்பிகள் செங்குத்தாக அமைந்துள்ளன. 1666-இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோமின் பெயரால் இவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. கீழ் இமையைச் சற்றே கீழிழுத்துக் கண்ணாடியில் உற்றுப் பார்த்தால், முடி வரிசைக்குப் பின்னால் அவற்றின் வாய்கள் நுண்புள்ளிகளாகத் தெரியும்.

ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணைச் சூழ்ந்த வட்டத் தசை இச்சுரப்பிகளை அழுத்த, வெளிவரும் எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, அது ஆவியாகாமல் காக்கிறது. எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொண்டால் கண்ணின் மேற்பரப்பு உலர்ந்து உறுத்தும். அந்த உறுத்தலுக்கு எதிர்வினையாகவே கண்ணீர்ச் சுரப்பி நீரைக் கொட்டுகிறது. ஒத்தடம் அந்த எண்ணெயை இளக்குகிறது. கணினித் திரையைப் பார்க்கையில் நாம் குறைவாகவே, அதுவும் அரைகுறையாகவே இமைக்கிறோம் என்பதால், வேலைக்கிடையே முழுமையாக இமை மூடித் திறக்கப் பழகுங்கள். வலியோ பார்வை மங்கலோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.