ஆர்தர் ராஜா கதைகள குழந்தைங்களுக்கு காமெடியா மாத்திச் சொல்றது மூலக்கதைய கெடுக்குறதா?

கேள்வி கேட்டவரோட ஆதங்கம் இதுதான்: பத்து வயசு பையனுக்கு வட்ட மேசை நைட்டுகள் (ஆர்தர் சபையில இருந்த குதிரை வீரருங்க) கதை வாங்கலாம்னு தேடினா கிடைக்கறதுல பாதி ஜோக் புக் மாதிரி இருக்கு, வீரம் வாக்கு மானம்னு இருந்த காவியத்த இப்டி கிண்டலடிக்கலாமான்னு. எனக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் அனுபவம் இருக்கு. எம்.ஏ.ல இந்தக் கதைங்க எங்களுக்கு பாடம், இப்ப அக்கா பசங்க ரெண்டு பேருக்கு (பொண்ணுக்கு 11, பையனுக்கு 8) லீவுக்கு வரும்போதெல்லாம் ராத்திரி மொட்டை மாடில நான்தான் கதை மிஷினு.

கெடுக்கலைங்க. மூலக்கதையிலயே சிரிப்பு அவ்ளோ கிடக்கு, நாமதான் பழைய புக்குன்னதும் மூஞ்ச உர்ர்னு வெச்சிட்டு படிக்கறோம்.

மேலரிய எடுத்துக்கோங்க. ஆர்தர் கதைங்கள சேத்து இங்கிலீஷ்ல சர் தாமஸ் மேலரி ஜெயில்ல இருந்துகிட்டு எழுதி, அவரு செத்தப்புறம் 1485ல காக்ஸ்டன்ங்கற அச்சுக்காரர் அச்சுப் போட்ட புக்கு. உலகத்துலயே பெரிய நைட்டு லான்சலாட்னு பக்கத்துக்குப் பக்கம் சொல்லிட்டே வருவாரு. அந்த லான்சலாட் காட்டு வழியா போறாரு, ஒரு அம்மா ஓடி வந்து "ஐயா என் பருந்து மரத்துல சிக்கிக்கிச்சு, எடுத்து குடுக்கலேன்னா புருஷன் என்னைக் கொன்னுடுவான்"னு அழுவுது. மனுஷன் என்ன பண்றாரு, எனக்கு மரம் ஏறவே வராது தாயேன்னு சலிச்சுகிட்டே கவசத்தையெல்லாம் கழட்டி வெச்சிட்டு சட்டையும் உள்ளாடையுமா மரத்துல ஏறுறாரு. பருந்த கிளையோட ஒடிச்சு கீழ போட்டதும் புதர்ல இருந்து புருஷன்காரன் முழுக் கவசத்தோட கத்திய உருவிட்டு வரான், எல்லாம் செட்டப்பு. கத்தியையாவது குடுய்யான்னு இவரு மேல இருந்து கெஞ்சுறாரு, அவன் தரமாட்டேங்கறான். கடைசியில இவரு ஒரு பட்ட கிளைய ஒடிச்சு அத வெச்சே சண்டை போட்டு ஜெயிக்கறாரு. (அதுக்கப்புறம் ஒரு தலை போவுது, அந்த எடத்த நான் வேகமா தாண்டிட்டேன்.) இதுல நான் சேத்த காமெடின்னு ஒரு வரி கிடையாது. "பெரிய நைட்டு, ஜட்டியோட மரத்து மேல"ன்னு மேலரி சொன்னத தமிழ்ல சொன்னேன், அவ்ளோதான், பையன் பாயில உருண்டுட்டான்.

மேலரிக்கும் முன்னூறு வருஷம் முன்ன, 1170, 1180கள்ல பிரான்ஸ்ல எழுதின கிரெத்தியன்ங்கற கவிஞர் இன்னும் குசும்பு. அவரோட பெர்சவல் கதை ஆரம்பமே காமெடிதான். அப்பாவும் அண்ணன்களும் நைட்டுத்தனத்தால போய்ட்டாங்கன்னு அம்மா பெர்சவல காட்டுலயே வளக்குது, நைட்டுங்கற வார்த்தையே காதுல விழாம. ஒருநாள் அஞ்சு நைட்டுங்க வராங்க, சத்தத்த கேட்டதும் பேய்ங்கதான்னு நினைக்கறான், வெயில்ல கவசம் பளபளன்னு மின்னினதும் தேவதூதருங்கன்னு நினைக்கறான், தலைவர பாத்து நீங்கதான் கடவுளான்னே கேட்டுடறான். அவரு ஏதோ அவசர வேலையா அஞ்சு நைட்டு மூணு பொண்ணுங்கள பாத்தியாடான்னு கேட்டா, இவன் பதிலே சொல்லாம இது என்ன ஈட்டியா, இது எதுக்கு, இந்த இரும்புச் சட்டை என்னன்னு கேட்டுட்டே இருக்கான். அது எந்த ஆயுதத்துலேருந்தும் காப்பாத்தும்னு சொன்னதும் இவன் சொல்றான் பாருங்க, நல்லவேளை கடவுள் மானுக்கெல்லாம் இந்தச் சட்டை குடுக்கல, குடுத்திருந்தா நான் எப்டி வேட்டையாடறதுன்னு. அப்புறம் நீங்க பொறக்கும்போதே இப்டித்தான் பொறந்தீங்களான்னு வேற. எங்க வீட்டு எட்டு வயசுக்கும் இவனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல.

அதே ஆளு எழுதின இவைன் கதையில கோட்டை வாசல் இரும்புக் கதவு மேல இருந்து தொப்புனு விழுந்து குதிரைய சேணத்துக்குப் பின்னாடி சரியா ரெண்டா வெட்டிடும், குதிரைய விரட்ட இவைன் குதிகால்ல மாட்டியிருந்த முள்ளும் கட்டாயிடும், ஆளுக்கு ஒரு கீறல் இல்ல. அப்புறம் ஒரு பொண்ணு குடுத்த மாய மோதிரத்த போட்டுகிட்டு கண்ணுக்குத் தெரியாம கட்டில்ல உக்காந்திருப்பான், கோட்டை ஆளுங்க பாதி குதிரைய பாத்துட்டு பின்ன ஆள் எங்கடான்னு கம்ப வெச்சு செவுத்தயும் கட்டிலயும் அடிச்சுட்டு திரிவாங்க. பின்னாடி ஒரு சிங்கத்த பாம்புகிட்ட இருந்து காப்பாத்துவான், அது நாய்க்குட்டி மாதிரி கூடவே வரும், ஒருதடவ இவன் மயங்கி விழுந்தத செத்துட்டான்னு நினைச்சு அவன் கத்தியையே மரத்துல முட்டு குடுத்து நிறுத்தி தற்கொலைக்கு ஓடி வரும். சிங்கம்ங்க! இதுக்கு மேல நாம என்ன ஜோக்கு சேக்கணும்.

பின்ன எங்க கெட்டுச்சுன்னா, என் கணக்குல 19ஆம் நூற்றாண்டுலேருந்து. பையன்களுக்குன்னு மேலரிய சுருக்கி 1880ல சிட்னி லேனியர் ஒண்ணு போட்டாரு, 1903ல ஹோவர்ட் பைல் படத்தோட எழுதினாரு. பைல் வரைஞ்ச படமெல்லாம் அற்புதம், அதுல மாற்றுக்கருத்தே இல்ல. ஆனா நைட்டுன்னா நல்லொழுக்கத்துக்கு மாடல்னு ஒரு நினைப்பு அந்தக் காலத்துல ஊறிப்போச்சு. நாம மனசுல வெச்சிருக்கற "காவியம்" பெரும்பாலும் இந்த இஸ்திரி போட்ட வெர்ஷன்தான். 1998ல ஜெரால்ட் மோரிஸ்னு ஒரு அமெரிக்கர் கவைன்ங்கற வட்ட மேசை நைட்டோட எடுபிடிப் பையன் பார்வையில இருந்து சிரிக்க சிரிக்க எழுத ஆரம்பிச்சு வரிசையா போட்டாரு, குட்டிப் பசங்களுக்குன்னு 2008ல லான்சலாட் பத்தி சின்னதா ஒண்ணும் போட்டாரு. அவர மாதிரி ஆளுங்க பண்றது இஸ்திரிய கலைக்கற வேலைதான்.

ஆனா உங்க கடுப்புலயும் நியாயம் இருக்கு, மோசமான காமெடி வெர்ஷன் நிறைய இருக்கு. நானே ஒண்ணு பண்ணி மாட்டிகிட்டேன்.

பச்சை நைட்டு கதை தெரியும்ல? 14ஆம் நூற்றாண்டு கடைசில இங்கிலாந்துல எழுதினது, எழுதினவரு பேரே தெரியாது, உலகத்துல ஒரே ஒரு கைப்பிரதிதான், அதுவும் அது இருந்த நூலகம் 1731ல தீப்பிடிச்சப்ப தப்பிச்சது. புது வருஷ விருந்து, ஏதாவது அதிசயம் பாக்காம சாப்பிட மாட்டேன்னு ஆர்தர் அடம். அப்ப குதிரையோட சேந்து தலைமுடி வரைக்கும் பச்சையா ஒருத்தன் கோடாலியோட உள்ள வரான். என்னை ஒரு வெட்டு வெட்டுங்க, ஒரு வருஷம் கழிச்சு பதிலுக்கு நான் ஒரு வெட்டுங்கறான். கவைன் வெட்டுறாரு, தலை உருண்டு போவுது, பக்கத்துல இருக்கறவங்க அத கால்ல எத்தி விடறாங்க. உடம்பு நடந்து வந்து தலைய முடிய பிடிச்சு தூக்கிக்கிட்டு குதிரை ஏறுது, தலை கண்ண திறந்து "சொன்ன வாக்கு மறக்காத, வந்து சேரு"ன்னு சொல்லிட்டு கிளம்புது. ஆர்தர் என்ன சொல்றாருன்னு நினைக்கறீங்க? சரி, அதிசயம் பாத்தாச்சு, இனி சாப்பிடலாம்.

இத சொல்லும்போதுதான் கொழுப்பெடுத்து, பச்சை நைட்டு போறப்ப "என் செல் நம்பர் இதான்"னு ஒரு சீட்டு குடுத்தான்னு சேத்துட்டேன். பையன் சிரிச்சான். பொண்ணு மட்டும் சிரிக்காம யோசிச்சிட்டு, "மாமா, அப்ப கவைன் போன் பண்ணி உடம்பு சரியில்ல வரலன்னு சொல்லிருக்கலாமே?"ன்னா. எனக்கு பதிலே வரல. அந்தக் கதை மொத்தமும் ஒரு வாக்குல தொங்குது, தப்பிக்க வழியிருந்தும் தப்பிக்காம ஒரு வருஷம் பயந்துகிட்டே போய் கழுத்த நீட்டுறான்ல, அதான் கதை. என் ஒரு செல்போன் ஜோக்கு அத ஓட்டை போட்டுடுச்சு. அந்த போன வாபஸ் வாங்கிட்டு மறுபடி சொன்னேன், அவளும் பெரிய மனசு பண்ணி ஏத்துகிட்டா.

அதே கதையில ஒட்டியே வர்ற ஜோக்க பாருங்க. பச்சை நைட்டு வரச்சொன்ன பச்சை கோயிலுக்கு கவைன் போனா ஓடைக்கு அந்தப் பக்கத்துலேருந்து கோடாலிய சாணை பிடிக்கற சத்தம் வருது. கழுத்த நீட்டுறாரு, கோடாலி இறங்கும்போது தோள் லேசா ஒடுங்கிடுது. பச்சை நைட்டு நிறுத்திட்டு, நீயெல்லாம் கவைனா, என் தலை கால்ல உருண்டப்ப நான் அசைஞ்சேனான்னு திட்டுறான். அதுக்கு கவைன், இனி அசைய மாட்டேன், ஆனா ஒண்ணு, என் தலை விழுந்தா அத எடுத்து ஒட்டவைக்க எனக்குத் தெரியாதேங்கறாரு. அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது! பயமும் சிரிப்பும் ஒரே வரியில. மூணாவது வெட்டுல கழுத்துல சின்னக் கீறலோட விட்டுடறான். கட்டிகிட்டா சாகமாட்டன்னு ஒரு பொண்ணு குடுத்த பச்சை இடுப்புப் பட்டிய உயிர் பயத்துல ஒளிச்சு வெச்சிருந்த வெக்கத்தோட கவைன் ஊருக்கு வந்து ஒப்புக்கறாரு, சபை மொத்தமும் சத்தமா சிரிச்சிட்டு, நாங்களும் ஆளுக்கு ஒரு பச்சை பட்டி கட்டிக்கறோம்னுடுது. மூலத்துலயே முடிவு அதான். வெக்கத்துல கூனிக்குறுகி நிக்கறவன பாத்து சிரிக்கறாங்க, சிரிச்சிட்டே அவன கூட சேத்துக்கறாங்க.

அதனால புக்கு வாங்கும்போது நான் பாக்கறது ஒண்ணுதான், அந்த உலகத்து ரூல எழுதினவரு நம்புறாரா. நைட்டுன்னா சண்டைக்கு கூப்ட்டா போகணும், வாக்கு குடுத்தா காப்பாத்தணும், இத சீரியஸா வெச்சுகிட்டாத்தான் டினடன் மாதிரி ஆளு சிரிப்பு காட்ட முடியும். இவரும் மேலரில வர்றவருதான், டிரிஸ்டன்ங்கற நைட்டு "வா, ரெண்டு பேரும் முப்பது பேரோட மோதலாம்"னு கூப்பிடுவாரு, இவரு ரெண்டு மூணு பேர்னா சரி, முப்பதெல்லாம் என்னால ஆகாதுன்னு முறைப்பாரு. எல்லாரும் டினடனாவே இருந்தா அங்க கதையே இல்ல. குதிரை குசு விடற ஜோக்கு மட்டும் பத்து பக்கம் ஓடற புக்க நானும் கடையிலயே வெச்சிட்டு வந்துடுவேன்.

உங்க பையனுக்கு பச்சை நைட்டுல ஆரம்பிங்க, அப்புறம் இவைன். லான்சலாட்டுக்கும் ஆர்தரோட ராணிக்கும் இருந்த காதல் விவகாரத்த இப்ப தொடாதீங்க. புனிதக் கிண்ணத்த தேடிப் போற பகுதியும் பத்து வயசுக்கு இழுவை, எனக்கே இழுவைதான்.

எங்க வீட்ல அடுத்து பாக்கி இருக்கறது லான்சலாட் ஊத்துப் பக்கம் தூங்கும்போது ஒரு வேட்டைக்காரப் பொண்ணு மானுக்கு குறி வெச்சு, அம்பு தவறி இவரு பின்பக்கத்துல பாய்ஞ்சு, சேணத்துல உக்கார முடியாம போற கதை. இதுவும் மேலரி எழுதினதுதான், உன்ன வில்லெடுக்க வெச்சது சைத்தான்டின்னு இவரு கத்துறது உட்பட. வாய் தவறி அத பத்தி சொல்லிட்டேன், ரெண்டு வாரமா பையன் போன் போட்டு எப்ப சொல்லுவ எப்ப சொல்லுவன்னு கேக்கறான். அக்கா பக்கத்துல இல்லாத நாளா பாக்கணும்.